விட்டுப் போவதற்காக ஒரு வீடு

பாலாம்பிகைக்கு எழுத்து முடிந்து இரண்டு வருஷமாகியும் தாலி ஏறவில்லை. பதிவுகாரர் முன்னால் கையெழுத்துப் போட்டதோடு சட்டத்துக்கு அவள் வீரசிங்கத்தின் மனைவி. ஊருக்கோ, கோயிலில் வைத்துத் தாலி கட்டினால்தான் மனைவி. கண்டியில் நில அளவைக் கந்தோரில் படம் வரைகிற, நாற்பதைத் தாண்டிய தன் மகனுக்கு எவளாவது கிடைத்தால் போதும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து சம்மதம் சொன்னது அவருடைய தாயார்தான். தாலிக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா கண்ணை மூடிவிட்டார். ஆண்டுத் திவசம் முடியட்டும் என்றார்கள். முடிந்தது. "அம்மாவைக் கொண்டுபோன எழுத்து அது. இனி அந்தப் பேச்சு வேண்டாம்" என்று அவருடைய அக்கா எழுதிவிட்டாள். இந்தியாக்காரக் கடைக்காரன் தங்கச்சியை எடுப்பதில் அவளுக்கு முதலிலிருந்தே மனமில்லை.

வீரசிங்கம் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் அந்த மனுஷனை அடிக்க ஆள் கிடையாது.

நடுவில் மாட்டிக்கொண்டவள் பாலாம்பிகை. கலியாண வீடுகளில் குங்குமத் தட்டு அவள் முன்னால் வந்து தடுமாறி நிற்கும். இவளைச் சுமங்கலி வரிசையில் சேர்ப்பதா, குமரிப் பெண்கள் வரிசையில் சேர்ப்பதா? தட்டைப் பிடித்தவளுக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. போகப்போகக் கலியாணங்களுக்குப் போவதையே விட்டாள். பகலில் அண்ணன் சேதுராமனின் புடவைக் கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுத்தாள். ராத்திரியில் கடைக்கு மேலே, துணி மூட்டைகளுக்கு நடுவில் படுத்தாள். பேச ஆளில்லாமல் தனக்குத்தானே பேசிப் பழகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீரசிங்கம் வருவார். கதிரையின் நுனியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்.

"மழை வரும்போல இருக்கு" என்பாள் இவள்.

"ஓம்" என்று ஆமோதிப்பார். குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மாத்தளையில் மனைவியை இழந்த ஒரு கடை முதலாளியை அண்ணன் பார்த்து வைத்திருந்தார். எழுத்தை அறுத்தால் உடனே கலியாணம். பாலாம்பிகை ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டாள்: "இத முறிச்சிடலாமா?"

வீரசிங்கம் கோப்பையைப் பார்த்தார். "உமக்கு அதுதான் நல்லதெண்டால் சரி."

வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே மாத்தளையைத் தலைமுழுகியிருப்பாள். அதை அவரைச் சொல்ல வைக்கத்தான் அந்தக் கேள்வியையே கேட்டாள்.

அண்ணனுக்குத் தெரிந்த கணபதி ஒரு வழக்கறிஞரிடம் கிளாக்கர். அவர் விஷயத்தைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். "விட்டுப் போனாத்தாம்மா விவாகரத்து. விட்டுப் போகணும்னா மொதல்ல ஒண்ணா இருந்திருக்கணுமே? கொஞ்ச நாள் எங்கயாவது குடித்தனம் பண்ணுங்க. நாலு பேருக்குத் தெரியுற மாதிரி சண்ட போடுங்க. இவரு கோவிச்சிட்டுப் போகட்டும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

இது எந்தச் சட்டத்தில் இருக்கிறதென்று இருவரும் கேட்கவில்லை. ஒருவர் அக்காவுக்குப் பயந்தவர், மற்றவள் அண்ணனுக்குப் பயந்தவள். அழுத்திச் சொல்கிறவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டியே வளர்ந்தவர்கள். ஆக, பிரிவதற்காகக் கட்டுகஸ்தோட்டையில் றமீஸா உம்மாவின் மேல்மாடி அறையில் குடித்தனம் தொடங்கியது.

வந்த அன்றே வீரசிங்கம் அறையை நாடா வைத்து அளந்தார். சரி பாதியில் கொடி கட்டி, பழைய சேலையொன்றைத் தொங்கவிட்டார். கந்தோர் வேலை போலவே கச்சிதம். ஆற்றைப் பார்த்த சன்னல் அவள் பக்கம் வந்தது. கொடியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருந்தால் அது அவருக்கே வந்திருக்கும். பாலாம்பிகை அதைக் கவனித்தாள், வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய வியாதி அவளுக்கும் தொற்றியிருந்தது.

மற்றபடி ஏழாம் பொருத்தம். அவர் கோழி கூவுமுன் எழும்பிப் புட்டு அவிப்பார். அதோடு அவர் வைக்கும் உறைப்புச் சம்பலை வாயில் வைத்தால் இவளுக்குக் கண்ணில் நீர் கொட்டும். இவள் அவிழ்த்ததை அவிழ்த்த இடத்தில் போடுவாள், அவர் அதையெல்லாம் மடித்துச் சேலைத் திரைக்குக் கீழே தள்ளி வைப்பார். இவள் ரேடியோவோடு சேர்ந்து பாடுவாள், அவர் இருமுவார். நிறுத்து என்கிற இருமலா, சும்மா இருமலா என்று அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

நாட்டில் பாணுக்கு வரிசை நின்ற காலம் அது. புட்டு இவளுக்கு இறங்கவில்லை என்று தெரிந்த மறுநாளிலிருந்து இருட்டோடு பேக்கரிக்குப் போய் வரிசையில் நின்று, இவள் கண் விழிக்கும்போது அரை றாத்தல் பாணை மேசையில் வைத்திருப்பார். ஒருநாள் நனைந்து வந்தார்.

"இதுக்குப் போயி ஏன் மழையில நிக்கிறீங்க?"

"அங்காலப் பக்கம் ஒரு வேலை இருந்தது."

விடியாத நேரத்தில் பேக்கரிப் பக்கம் என்ன வேலை? பாணைக் கையில் வைத்துக்கொண்டு அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா இந்த மனுஷன், ஒரே ஒரு வார்த்தை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கணபதி குறித்துக் கொடுத்த நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் பின்னேரம் ஆற்றங்கரையில் சண்டையை ஒத்திகை பார்த்தார்கள். வீரசிங்கத்துக்குக் கத்த வரவில்லை. "இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றாள். "மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. கூட இருந்த நாட்களில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் றமீஸா முற்றத்தில் நிற்கும்போது, "இந்தப் புட்ட மனுஷன் திம்பானா?" என்று படியில் நின்று கத்தினாள். அதுவரை பாடமாக்கியது. அதற்குமேல் வந்தது பாடமில்லை. "உங்க அக்கா அப்படி எழுதினப்ப ஏன் வாயத் தொறக்கல? நான் என்ன பாவம் செஞ்சேன்?"

வீரசிங்கம் பெட்டியைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். எப்போதும்போல, ஒப்புக்கொண்டதை ஒப்புக்கொண்டபடி செய்தார். பாலத்துப் பக்கம் பஸ் ஏறிப் போய்விட்டார்.

"என்ன மகள் இது, புட்டுக்காகவா ஒரு மனுசன் ஊட்ட உட்டுப் போற?" என்றார் றமீஸா.

வழக்கு முடியும்வரை விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும் என்று கணபதி சொல்லியிருந்தார். இருந்தாள். கடைக்குப் போய்விட்டு பின்னேர பஸ்ஸில் திரும்பி வருவாள். அறை முழுவதும் இப்போது அவளுடையது. இருந்தும் திரைக்கு அந்தப் பக்கம் அவள் காலெடுத்து வைக்கவில்லை. ரேடியோவைப் போட்டாள், பாட வரவில்லை. இருமல் வருமா என்று காது பார்த்துக்கொண்டே இருந்தது. துணி மூட்டைகளுக்கு நடுவில் இருந்தபோதும் தனிமைதான். ஆனால் அப்போது யார் இல்லை என்று தெரியாது. இப்போது தெரிந்தது.

வழக்கு நாளன்று கண்டிக் கோர்ட்டில் அண்ணன் வேட்டி சட்டையோடு முன் வாங்கில் உட்கார்ந்திருந்தார். றமீஸா கூண்டில் ஏறி, புட்டுச் சம்பலில் உறைப்புக் கூடியதுதான் காரணம் என்று சத்தியம் பண்ணினார். சபை சிரித்தது. பிறகு வீரசிங்கம் ஏறினார். பெட்டியோடு போனவர் பாதியாக இளைத்திருந்தார்.

நீதிபதி சிங்களத்தில் கேட்டதைக் கோர்ட் மொழிபெயர்ப்பாளரான முதலியார் தமிழில் திருப்பிச் சொன்னார்: "மனைவியிடம் திரும்பிப் போகும் எண்ணம் உமக்கு உண்டா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். கணபதி அதை வாசலில் வைத்தே பலமுறை சொல்லிக் கொடுத்திருந்தார். வீரசிங்கம் கூண்டின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலியார் கேள்வியை மறுபடி சொன்னார்.

"ஓம்" என்றார் வீரசிங்கம்.

கணபதி தலையில் கை வைத்தார்.

"எனக்குத் திரும்பிப் போகத்தான் விருப்பம். அண்டைக்கே விட்டிட்டுப் போகாமல் நிண்டிருக்க வேணும். அக்காவுக்கும் மறுமொழி சொல்லியிருக்க வேணும். எனக்குச் சொல்லத் தெரியேல்லை, ஐயா."

காணி எல்லையைப் படிப்பதுபோல் ஏற்ற இறக்கமில்லாமல் முதலியார் அதைச் சிங்களத்தில் சொன்னார். பாலாம்பிகைக்கு இரண்டு பாஷையும் தெரியும். இரண்டு தடவை கேட்டாள். கோபம் வந்தது.

நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். முதலியார் வாய் திறக்குமுன் அவள் எழுந்துவிட்டாள்.

"அத என்கிட்ட சொல்லச் சொல்லுங்க, ஐயா. உங்ககிட்ட சொன்னா எனக்கு என்ன?"

வீரசிங்கம் திரும்பினார். "பாலா" என்றார். அவள் பெயரை அவர் வாயால் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் வீட்டை வரட்டோ?"

முன் வாங்கில் அண்ணன் எழுந்து, தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவர் வீட்டுக் கதவு இனித் தனக்குத் திறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"வாங்க" என்றாள்.