மூன்றாவது துளை

கம்ப்யூட்டர் நான்காவது முறையும் செத்தது.

விண்டோஸ் சின்னம் வரும். கீழே புள்ளிகள் இரண்டு சுற்று சுற்றும். பட்டென்று இருட்டு. பிறகு தானாகவே முதலிலிருந்து ஆரம்பிக்கும். சிலம்பரசன் ரேம் மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டிப் பார்த்துவிட்டான். கூனிமேட்டில் இருக்கும் தன் ரிப்பேர் கடையிலிருந்து கொண்டுவந்த பவர் சப்ளையையும் மாற்றிவிட்டான். அதே கதைதான்.

உப்பள முதலாளி பாலகுரு பின்னால் நின்று அவசரப்படுத்தினார். காலையில் நன்றாகத்தான் ஓடியதாம். பத்து மணிக்கு மேல்தான் இந்த வியாதியாம். லோடு ஏற்றிய லாரி, சீட்டுக்காக வாசலில் நிற்கிறதாம்.

கம்ப்யூட்டர் கேபினட்டின் இரும்பு ஓரம் சிலம்பரசனின் முழங்கையை ஷாக் அடித்துச் சுருக்கென்று கடித்தது.

மீட்டரை எடுத்து சாக்கெட்டில் வைத்தான். இருநூற்று முப்பது வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் நூற்றைம்பது. சந்தேகத்தோடு டெஸ்டரை மூன்றாவது துளையில் நுழைத்தான். எர்த் துளை. அங்கே மின்சாரம் இருக்கவே கூடாது.

டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

அந்த எர்த் ஒயர் சுவரைத் துளைத்து வெளியே போய், வரப்போரமாக ஓடி, பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் முடிகிறது. மோட்டாரை எப்போது போட்டீர்கள் என்று கேட்டான்.

"பத்து மணிக்குத்தான். பொம்பளைங்க சாப்பிட ஏறினதும் போட்டேன். ஏம்பா?"

மோட்டாரிலிருந்து உப்புத் தண்ணீருக்குள் மின்சாரம் கசிகிறது. இவ்வளவு கசிந்தால் டிரிப் சுவிட்ச் உடனே விழுந்து கரன்ட்டை வெட்டியிருக்க வேண்டுமே?

போர்டைத் திறந்தவன் அப்படியே நின்றான். டிரிப்பைத் தாண்டிக்கொண்டு நேராக ஒரு சிவப்பு ஒயர். அவனே முறுக்கிய ஒயர்.

போன கார்த்திகை மழையில், ஈரத்துக்கு டிரிப் நாளைக்கு மூன்று தடவை விழுந்தது. விழும்போதெல்லாம் கம்ப்யூட்டர் நின்றது. நேராக ஜாயின்ட் அடித்துவிடச் சொன்னார் பாலகுரு. பாத்திகள் மழைத் தண்ணீரில் மூழ்கி, ஆள் இறங்காமல் கிடந்த நேரம். தை பிறந்ததும் வந்து எடுத்துவிடுவதாகச் சொல்லித்தான் அடித்தான். தை பிறந்தது. ஆட்கள் பாத்தியில் இறங்கினார்கள். ஒயரை இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

ஜன்னலுக்கு வெளியே ஏழு பெண்கள் வரப்பில் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் வெறுங்கால். முன்னால் நடந்தவள் அவன் அக்கா பாக்கியலட்சுமி.

மெயின் சுவிட்ச் லிவரைப் பிடித்து இழுத்தான். உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது. பாலகுருவின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அதன் காலால் மொத்தினான். ஒரு அடி. இரண்டு. மூன்றாவதில் லிவர் விழுந்தது. ஃபேன் நின்றது. தூரத்தில் மோட்டார் சத்தம் அடங்கியது.

வெளியே ஓடினான்.

அக்கா பாத்தியோரம் குனிந்து நின்றிருந்தாள். மோட்டார் குழாயின் வாயருகே, முழங்கால்கூட நனையாத தண்ணீரில், ஒரு கொக்கு இறக்கை விரித்துச் செத்துக் கிடந்தது.

"இன்னாடா இப்படி ஓடியாற? கொக்கு செத்துக் கெடக்குது. தூக்கிப் போடலாம்னு கைய நீட்டுறேன், அதுக்குள்ள மோட்டாரு நின்னுபோச்சு."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். மோட்டார், கசிவு, சிவப்பு ஒயர். அதை முறுக்கியது தன் கை என்பதையும் சொன்னான். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலேயே வந்து சேர்ந்த பாலகுரு, கரன்ட்தான் கட் ஆகிவிட்டதே, ஒன்றும் ஆகவில்லையே, இறங்கி வேலையைப் பாருங்கள் என்றார்.

ஒருத்தியும் அசையவில்லை.

"எப்பலேர்ந்துடா அந்த ஒயரு?" என்று கேட்டாள் அக்கா.

"கார்த்திகையிலேர்ந்துக்கா."

அவள் கொக்கைப் பார்த்தாள். பிறகு, உப்பு தின்று வெடித்துப்போன தன் பாதங்களைப் பார்த்தாள்.

"தையிலேர்ந்து தெனம் எறங்குறேன்டா நானு."

அவள் உப்பு வாரும் பலகையை வரப்பில் போட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே ரோட்டுப் பக்கம் நடந்தாள். மற்ற ஆறு பலகைகளும் ஒவ்வொன்றாக வரப்பில் விழுந்தன.