மூன்று பேருக்கு ஒரு பக்கம்

திருநின்றவூரிலிருந்து காலை ஏழு ஐம்பதுக்குக் கிளம்பும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், ஜன்னலோர பெஞ்சு ஒன்றில் புத்தகத்தைக் கிழித்துத்தான் படிப்பார்கள். கோபத்தில் கிழிப்பதல்ல, பங்கு போடுவதற்காகக் கிழிப்பது. ராஜகுமாரி புது நாவல் வாங்கினால் அன்றைக்கே பிளேடால் முதுகுத் தையலைப் பிரித்து மூன்று பாகமாக்கிவிடுவாள். முதல் பாகத்தை அவள் படித்து முடித்ததும் அது ஆவடியில் ஏறும் ரேவதிக்குப் போகும். ரேவதி முடித்ததும் வேம்புலியம்மாளுக்கு. மூன்று பாகமும் மூன்று கை மாறித் திரும்பியதும் ராஜகுமாரி கோணி ஊசியால் தைத்து அலமாரியில் வைப்பாள். ஆறு வருஷமாக இதுதான் நடைமுறை. அவள் வீட்டு அலமாரியில் முதுகு முழுசாக உள்ள புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது.

மூவரில் மூத்தவள் வேம்புலியம்மாள். பெரம்பூரில் ஒரு மகளிர் விடுதியில் சமையல் வேலை. எந்தப் பாகமானாலும் கடைசியாகத்தான் வாங்குவாள்.

"எனுக்கு மின்னாடி குடுத்தா உங்க ரெண்டு பேருக்கும் லேட்டாயிடும். நான் மெதுவா படிக்கறவ. இன்னிக்குக் கண்ணாடிய வேற ஊட்லயே வச்சிட்டு வந்துட்டேன்" என்பாள். தாள்களை மடியில் வைத்துக்கொண்டு மற்ற இருவரின் வாயைக் கிளறுவாள். ஆனால் விவாதம் என்று வந்தால் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கதாநாயகியின் மாமியார் நல்லவளா கெட்டவளா என்று ஆவடியில் ஆரம்பித்தால் வில்லிவாக்கம்வரை விடமாட்டாள். கடைசியில் அவள் சொன்னதுதான் சரியாகவும் இருக்கும்.

ரேவதியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். தான் படித்த பாகத்தை ஒருவரி விடாமல் ஒப்பித்து, வேம்புலியம்மாள் படிக்க ஒன்றும் மிச்சம் வைக்காமல் கெடுத்துவிடுவாள் என்று ராஜகுமாரிக்கு அவள்மேல் தீராத எரிச்சல்.

நாற்பத்தாறு வயதில் ராஜகுமாரிக்கு வெள்ளெழுத்து வந்தது. ரயில் ஆடுகிற ஆட்டத்தில் அச்செழுத்து எறும்பு வரிசையாக ஓடியது. ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவள் கணவன் பாஸ்கரன், மனைவி புத்தகத்தைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படிக்கும் கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல், மின்னூல் படிக்கும் கருவி ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் செய்துவிட்டான்.

பெட்டியைப் பிரித்ததும் திரையின்மேல் ஒரு மரத்தின் படம் இருந்தது. புதுச் சாமானில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தானே என்று ராஜகுமாரி நகத்தால் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"ஐயோ, அது ஸ்டிக்கர் இல்ல, திரையே அதுதான்! போன் மாதிரி பளபளக்காது, அச்சடிச்ச தாள் மாதிரிதான் தெரியும்" என்று பாஸ்கரன் பதறிப் பிடுங்கினான்.

இரண்டு விரலால் விரித்தால் எழுத்து பெருத்தது. கடைப் பலகை எழுத்து அளவுக்குப் பெருக்கி மொட்டைமாடி வெயிலில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடியில்லாமலே படிக்க முடிந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனேயே ஒரு கவலையும் வந்தது. தான் மட்டும் இதில் படித்துக்கொண்டிருந்தால் மற்ற இருவரும் என்ன செய்வார்கள்?

மறுநாள் ரேவதி அதையேதான் கேட்டாள். "சூப்பரா இருக்கு ராஜிக்கா. ஆனா இத்த எப்படிக் கிழிக்கிறது?"

"கிழிக்க வேணாம். மூணு பேரும் சேர்ந்தே படிக்கலாம்" என்றாள் ராஜகுமாரி. வழி யோசித்து வைத்திருந்தாள். அவள் நடுவில், ஆளுக்கொரு பக்கம் மற்ற இருவர். பக்கம் முடிந்தவர் 'ம்' சொல்ல வேண்டும். மூன்று 'ம்' சேர்ந்தால் பக்கம் திரும்பும்.

"எனுக்கு வேணாம்மா இந்த சிலேட்டு. கண்ணாடி வேற எடுத்தாரல" என்றாள் வேம்புலியம்மாள்.

"கண்ணாடியே வேணாம்க்கா, எழுத்து எம்மாம் பெருசு பாருங்க!" என்று ராஜகுமாரி அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். வேம்புலியம்மாள் பார்த்தாள். பிறகு ராஜகுமாரியை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.

பத்து நாள் பிரமாதமாக ஓடியது. முதலில் ரேவதி "ம்!" என்று பெட்டிக்கே கேட்கிறமாதிரி சொல்வாள். ஒட்டினாற்போல வேம்புலியம்மாளின் "ம்" வரும். மெதுவாகப் படிக்கிறவள் எப்படி வேகம் பிடித்துவிட்டாள் பாருங்கள், எல்லாம் பெரிய எழுத்தின் மகிமை என்று ராஜகுமாரி பாஸ்கரனிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ரேவதி வரவில்லை, மகனுக்குக் காய்ச்சல். அண்ணனூரில் கீரைக்கூடையோடு ஒரு அம்மாள் தடுமாறி ஏற, ராஜகுமாரி கருவியை வேம்புலியம்மாளிடம் திணித்துவிட்டுக் கூடைக்குக் கைகொடுத்தாள். அவசரத்தில் அவள் விரல் எங்கோ பட்டிருக்க வேண்டும். உட்கார்ந்து திரும்பியபோது வேம்புலியம்மாள் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இடமிருந்து வலமாக ஒழுங்காகப் போய்வந்தது.

"ம்" என்றாள். "பாவம் ராஜி அந்தப் பொண்ணு. அவன நம்பி மோசம் போய்ட்டா."

ராஜகுமாரி எட்டிப் பார்த்தாள். எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளவும் என்று இருந்தது.

"அக்கா, இது சமையல் புக்கு" என்று சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் என்ன நடந்தது என்று உறைத்தது.

வேம்புலியம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. கருவியை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பிக் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பெரம்பூரில் இறங்கும்போது "வரேன் ராஜி" என்றாள், முகம் பார்க்காமல்.

ராஜகுமாரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆறு வருஷமா ஒருத்தி தாளை மடியில் வைத்துக்கொண்டு ஏமாற்றியிருக்கிறாளே! வேலையிடத்துக்கு நடந்து போவதற்குள் கோபம் போய் வெட்கம் வந்துவிட்டது. மறந்துபோன கண்ணாடி, எப்போதும் கடைசி முறை, எல்லாவற்றுக்கும் இப்போது அர்த்தம் தெரிந்தது. கிழித்த தாளாக இருந்தவரை அவளுக்கு ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. அதைத் தட்டிப் பறித்ததுமல்லாமல் முகத்துக்கு நேரே சிரிக்கவும் செய்தாயிற்று.

மறுநாள் வேம்புலியம்மாள் பெட்டிக்கு வரவில்லை. ஆவடியில் ஏறிய ரேவதி, "வேம்புக்கா எங்க?" என்றாள்.

"பல்வலியாம்" என்றாள் ராஜகுமாரி. உண்மையைச் சொன்னால் இவள் வாய் சும்மா இருக்குமா? பெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டால் வேம்புலியம்மாள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். அன்று இருவரும் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. மாமியாரைத் திட்ட ஆள் இல்லாத கதை ருசிக்கவில்லை.

வியாழக்கிழமை ராஜகுமாரி கால்மணி நேரம் முன்னதாகவே ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். பிளாட்பாரத்தின் கோடியில், கூட்டத்தோடு கூட்டமாகப் பொதுப்பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தாள் வேம்புலியம்மாள். ராஜகுமாரி செருப்பு தடுக்க ஓடி, வண்டி நகரும்போது தாவி ஏறி, அவள் பக்கத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தாள்.

"இங்க இன்னாத்துக்கு வந்த? போ, ரேவதி தேடும்."

"அன்னிக்கு நான் சிரிச்சது தப்புக்கா. மன்னிச்சிடுங்க."

வேம்புலியம்மாள் குரலைத் தணித்து, "ரேவதியாண்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"சத்தியமா இல்ல."

"சொல்லாத. வேலை செய்யற எடத்துலகூட யாருக்கும் தெரியாது. காலம்பற ஒரு மணி நேரம் உங்களோட குந்திகினு படிச்சவ மாதிரி பேசிகினு வருவேன் பாரு, அத்த உட்டா எனுக்கு வேற இன்னா கீது? அவளுக்குத் தெரிஞ்சா எந்த மூஞ்சிய வச்சிகினு வருவேன்?"

ராஜகுமாரி பையிலிருந்து கருவியை எடுத்தாள். விட்ட இடத்தைத் தேடி, பக்கத்திலிருப்பவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். நேமிலிச்சேரிவரை வேம்புலியம்மாள் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்துக் கல்லூரி ஸ்டேஷன் தாண்டியதும் சட்டென்று திரும்பினாள்.

"இரு இரு. லெட்டர எரிச்சிட்டேன்றான். அவன் பொண்டாட்டி பாத்தாளா?"

"பாக்கலக்கா."

"அப்ப எரிக்கல. பத்திரமா வச்சிகினு கீறான். நீ வேணா பாரு."

ராஜகுமாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வண்டி ஆவடியில் நின்றதும் போன் அடித்தது. ரேவதி. பிளாட்பாரத்தில் நின்று பெண்கள் பெட்டியில் இருவரையும் காணாமல் கத்தினாள். மறைக்க நேரமில்லை, எந்தப் பெட்டி என்று சொல்ல வேண்டியதாயிற்று. ரேவதி மூச்சிரைக்க வந்து எதிரே உட்கார்ந்தாள். வேம்புலியம்மாளின் கை ராஜகுமாரியின் முழங்கையை இறுக்கிப் பிடித்தது.

"ரேவதி, இனிமே நான் சத்தமாவே படிக்கப் போறேன். மூணு பேரும் எட்டி எட்டிப் பாத்தா கழுத்து வலிக்குது" என்று ராஜகுமாரி தயாராக வைத்திருந்த பொய்யை ஒரே மூச்சில் சொன்னாள்.

"அப்பாடா!" என்றாள் ரேவதி. "நல்லதாப் போச்சு. வேம்புக்காவுக்குக் கேக்கட்டும்னு 'ம்' 'ம்'னு கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போயிடுச்சு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வண்டி அண்ணனூரில் நின்று கிளம்பியது.

"உனுக்குத் தெரியுமா?" என்றாள் வேம்புலியம்மாள்.

ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள். "மூணு வருஷமா தெரியும்க்கா. ஒரு நாள் தாளத் தலைகீழாப் பிடிச்சிகினு இருந்தீங்க. அதான் கதைய ஒண்ணுவிடாம சொல்லிடுவேன்."

"ஏன்டி எங்கிட்ட கேக்கல?"

"நீங்க சொல்லலியே. நானா எப்படிக்கா கேப்பேன்?"

வேம்புலியம்மாள் அவள் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, பிடித்திருந்த முழங்கையை விட்டாள்.

"திருமுல்லைவாயில் வந்துடிச்சி. இன்னாத்துக்கு வாயப் பாத்துகினு கீற? படி ராஜி."

ராஜகுமாரி திரையைப் பார்த்தாள். ஆறு வருஷம் வேம்புலியம்மாளின் பக்கத்திலேயே தானும்தான் உட்கார்ந்திருந்தாள். வாயாடி என்று யாரை ஒதுக்கினாளோ அவளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை. எழுத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்படியும் ஒன்றும் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

"குடுங்க ராஜிக்கா" என்று ரேவதி கருவியை வாங்கி, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.