நடக்க முடியாதவர்கள் உட்காரலாம்

என் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்காகப் பாவம் பார்க்க வேண்டாம். தையல் கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை மெஷின் மிதிக்கிற கால் இது. பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்புப் பிரிப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் என் தலையில்தான் விழும். கண் கொஞ்சம் மங்கல், ஒத்துக்கொள்கிறேன். கால் கல்லு மாதிரி இருக்கிறது.

ஆனால் பழைய பாலத்துக்குப் போகிற பஸ்ஸில் நான் நொண்டினேன். என் மகனுக்காக நொண்டினேன்.

அவன் பஸ் டிரைவர். கல்யாணமான புதிதில் அவனும் மருமகளும் என்னோடுதான் இருந்தார்கள். இரண்டு அறை, ஒரு அடுப்பு, இரண்டு பெண்கள். மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு தனி வீடு பார்த்துவிட்டான். கட்டிலையும் பீரோவையும் வண்டியில் ஏற்றும்போது வாசலில் நின்று சொன்னேன்: "நீயா கூப்பிடற வரைக்கும் உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்." சொன்னால் சொன்னதுதான், எனக்கு ஒரே நாக்கு. அவனுக்கும் என் ரத்தம்தானே ஓடுகிறது. அவன் கூப்பிடவில்லை. போன் பேச்சும் வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று தேய்ந்து நின்றுபோனது.

ஒருத்திக்கு மட்டும் சமைப்பதைப் போலப் பிடிபடாத வேலை வேறு கிடையாது. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும். டிவியை ஓட விட்டுக்கொண்டு சாப்பிடுவேன். என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குத்தான்.

மாடி வீட்டு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழைய பாலத்தைப் பார்க்கப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள்.

"உன் பையன்தான்டி அந்தப் பாலத்து பஸ்ஸ ஓட்றான். ஆளு இளைச்சுப் போயிட்டான்."

அப்புறம் பாலத்தின் கதையைச் சொன்னாள். நூறு வருஷத்துக்கு மேல் ஆன இரும்புப் பாலம். இடிக்கவும் மனசு வரவில்லை, பாரம் ஏற்றவும் பயம். அதனால் பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுகிறார்களாம். ஜனங்கள் ஓரத்து நடைபாதையில் நடக்க வேண்டும், கண்டக்டரும் அவர்களோடு நடப்பார். காலி பஸ் ஆமை வேகத்தில் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் நின்று எல்லோரையும் மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

"அப்போ வண்டியில யாருமே இருக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"நடக்க முடியாதவங்க உட்காரலாம். மாசமா இருக்கறவங்க, கால் சரியில்லாதவங்க. அன்னிக்கு அப்படி யாருமில்ல. உன் பையன் மட்டும் தன்னந்தனியா ஓட்டிட்டுப் போனான்."

அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். பஸ் அவன் வீடு இல்லை. டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் ஏறலாம். மிதிப்பது பஸ் படிதானே, அவன் வாசப்படி இல்லையே. பாலம் தாண்டுகிறவரை அவனும் நானும் மட்டும். அவன் எழுந்து வேறு அறைக்குள் போக முடியாது, போனையும் வைக்க முடியாது. "வீட்டுக்கு வாம்மா" என்று ஒரு தடவை அவன் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும். அன்றைக்கே போய்விடுவேன். மருமகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் போவேன்.

கடைக்கார அண்ணனிடம் பல் வலி என்று லீவு சொன்னேன். ஆக அன்றைக்கு எனக்குப் பல்லும் வலித்தது, காலும் வலித்தது. எங்கள் தெருமுனையில் பஸ் பிடித்து ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து ரயில். ரயிலில் பக்கத்து சீட்டுப் பெண் தூங்கித் தூங்கி என் தோளில் விழுந்தாள். வேலை முடிந்து போகிறவள் போலிருக்கிறது, கையில் சோப்பு வாசனை. வேறு நாளாயிருந்தால் ஒரு இடி இடித்திருப்பேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு ஆள் என்மேல் சாய்ந்திருந்தது. இறங்க வேண்டிய இடம் வந்தபோது எழுப்ப மனசே வரவில்லை, தலையை மெதுவாக ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு இறங்கினேன்.

பாலத்து பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். முதல் வண்டியில் மீசைக்காரர். அடுத்ததில் ஒரு வழுக்கை. இரண்டையும் விட்டுவிட்டேன். அதற்கடுத்த வண்டியில் அவன் இருந்தான். அக்கா சொன்னது சரிதான், கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய்ப் பின் படியில் தொற்றிக்கொண்டேன். கண்டக்டர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். கடைசி சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டேன்.

கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஒரு மைதானம் தாண்டியதும் பஸ் நின்றது. கண்டக்டர் விசில் ஊதினான்.

"பாலம், பாலம். எல்லாரும் இறங்குங்க. நடக்க முடியாதவங்க உட்காரலாம்."

எல்லோரும் இறங்கினார்கள். நான் அசையவில்லை.

"எனக்கு முழங்கால் வலி தம்பி."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஏம்மா, ஸ்டாண்டுல வண்டி பின்னாடி ஓடி வந்து ஏறினது நீங்கதானே?"

"ஓடினதுலதான் வலி வந்துச்சு."

"எந்தக் கால்?"

"ரெண்டும்" என்றேன். ஒன்றைச் சொல்லிவைத்தால் பிறகு எதைச் சொன்னோம் என்று மறந்து தொலையும்.

அவன் சிரித்துவிட்டான். "டிரைவரண்ணே, ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. பாத்துப் போங்க" என்று கத்திவிட்டுக் கீழே குதித்தான்.

முன்னால் இருந்த கண்ணாடியில் என் மகனின் கண் தெரிந்தது. என்னைப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ ஹார்ன் அடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் வண்டி பாலத்தில் ஏறியது.

நான் எழுந்து ஒவ்வொரு சீட்டுக் கம்பியாகப் பிடித்து, நொண்டி நொண்டி முன்னால் போனேன். கண்ணாடியில் அவன் பார்க்கிறானே, நேராக நடக்க முடியுமா? இரும்புச் சட்டங்களின் நிழல் வண்டிக்குள் ஒவ்வொன்றாக விழுந்து போயிற்று. வெளியே நடைபாதையில் ஜனங்கள் எங்களுக்குச் சமமாக நடந்தார்கள், சிலர் ஆற்றைப் படம் பிடித்தார்கள். அவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். சட்டைக் காலரில் ஒரு பட்டன் வேறு நிற நூலில் தைத்திருந்தது. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"முழங்கால் எப்போலேர்ந்தும்மா?"

அவனேதான் முதலில் பேசினான்.

"கொஞ்ச நாளா."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

கடைக்கார அண்ணனின் மாமியாருக்கு இருக்கிற வியாதியை எடுத்துவிட்டேன். "தேய்மானமாம்."

"மெஷின் மிதிக்காதன்னு சொல்லியிருப்பாரே?"

"சொன்னாரு."

"நீ எங்க கேக்கப் போற."

இப்படி என்னிடம் யார் கேட்டு எத்தனை நாளாயிற்று. பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். நான் நிறுத்தவில்லை. ராத்திரியில் தூக்கம் இல்லை என்றேன். தைலம் போட்டும் கேட்கவில்லை என்றேன். படி ஏறினால் உயிர் போகிறது என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவன் ஒன்று கேட்டான், நான் இன்னொன்று சேர்த்தேன். பாதிப் பாலம் போனதே தெரியவில்லை.

வெளியே அக்கரை தெரிந்தபோதுதான் பயம் வந்தது.

"புது வீடு எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. மூணாவது மாடி."

"காத்து வரும்."

"வரும்." கியரை மாற்றினான். "உன்னை ஒரு நாள் கூட்டிட்டு வரணும்னு அவகூட சொல்லிட்டிருந்தா. லிப்ட் கிடையாதும்மா. இந்தக் காலோட நீ எப்படி ஏறுவ?"

"மெதுவா ஏறிடுவேன்ப்பா."

"இப்பதானே சொன்ன, படி ஏறினா உயிர் போகுதுன்னு."

பாலம் முடிந்து வண்டி நின்றது. கண்டக்டரும் ஜனங்களும் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறினார்கள். யாரோ என் மடியில் ஒரு பையை வைத்துவிட்டு டிக்கெட்டைத் தேடினார்கள். கடைசி நிறுத்தம் வரை அவன் திரும்பவே இல்லை. நான் இறங்கும்போது ஜன்னல் வழியாக, "இவ்ளோ தூரமெல்லாம் இனிமே அலையாதம்மா. காலைப் பாத்துக்க" என்றான்.

அவன் கண்ணுக்கு எட்டுகிறவரை நொண்டிக்கொண்டு போனேன். அப்புறம் பாலத்துக்கு வந்து, ஜனங்களோடு ஜனமாக நடந்தே இந்தப் பக்கம் சேர்ந்தேன்.

மருமகள் நிஜமாகவே என்னைக் கூட்டிவரச் சொன்னாளா, இல்லை, வா என்று சொல்லாமல் இருக்க என் மகனுக்கு ஒரு மாடிப்படி கிடைத்ததா, தெரியவில்லை. தெரிந்துகொள்வது பெரிய காரியமும் இல்லை. கால் குணமாகிவிட்டது என்று ஒரு போன் போட்டால் போதும். வா என்கிறானா, வேறு ஒன்று சொல்கிறானா, அந்த நிமிஷமே தெரிந்துவிடும். எத்தனையோ தடவை போனை எடுத்துவிட்டேன். இன்னும் போடவில்லை. அந்த மூன்றாவது மாடிதான் தடை என்று இருந்துவிட்டுப் போகட்டும்.