தெளியும் வரை ஓடட்டும்

என் தம்பி பாசிலுக்குத் தெரிந்தது மோட்டார் ஒன்றுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. திருவண்ணாமலையில் எங்கள் அப்பா அப்துல் ரசாக் நடத்தும் பம்ப்செட் கடையில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு உட்கார்ந்தவன், சத்தத்தைக் கேட்டே எந்த மோட்டாருக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். உலகத்தில் இருக்கிற எல்லாமே மோட்டார்தான் என்று நம்பியதில்தான் வந்தது வினை.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. வேங்கிக்காலைத் தாண்டிப் புதிதாக வந்த இதய ஆஸ்பத்திரியில் அவருக்கு பைபாஸ் செய்தார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. அதற்குப் பிறகு இதயம் வேலைக்கு வர மறுத்துவிட்டது. உடனே ஒரு மெஷினில் போட்டார்கள். தொடையில் செருகிய தடித்த குழாய் ஒன்று ரத்தத்தை வெளியே இழுக்கும். மெஷின் அதில் ஆக்சிஜனைச் சேர்த்து இன்னொரு குழாய் வழியாகத் திருப்பி அனுப்பும். இதயம் தேறி எழும் வரை அதன் வேலையை இது பார்த்துக்கொள்ளும்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததுமே பாசிலுக்குப் பாதி உயிர் திரும்பியது. "பம்ப்புதான் ஆபா," என்றான் என்னிடம். "நிமிஷத்துக்கு நாலு லிட்டர் அடிக்குது. சத்தமே இல்ல பாரு. நல்ல மோட்டார்."

எங்கள் வீட்டில் பாசமெல்லாம் உருதில்; அக்கா ஆபா, அம்மா அம்மி. தொழிலும் சண்டையும் தமிழில். அழுதுகொண்டிருந்த அம்மி, மகன் கடையில் பேசுகிற மாதிரித் தமிழில் பேசியதைக் கேட்டு, ஏதோ நம்பிக்கையான விஷயம் போலிருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து டாக்டர் நந்தினி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சின்னப் பெண்தான். ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஹார்ட் தேறிட்டு வருதுங்க. மெஷினோட வேகத்தைக் கம்மி பண்ணிப் பார்த்தோம், தாங்குது. நாளைக்கே எடுத்துடலாம். வயசானவங்களுக்கு இதை ஜாஸ்தி நாள் ஓட்டக் கூடாது. சுத்தற சுத்துல ரத்த அணுவெல்லாம் உடையும், கிட்னி போயிடும். குழாயை எடுக்கறது ஒரு சின்ன ஆபரேஷன். நீங்க கையெழுத்துப் போடணும்."

அம்மி பாசிலைப் பார்த்தாள். ஐம்பது வருஷமாக அப்பாவைப் பார்த்துப் பழகிய கண், இப்போது அடுத்த ஆம்பிளையைத் தேடியது. அவன் யோசிக்கவே இல்லை.

"மேடம், அந்தப் பையில யூரின் எப்படி வருது பார்த்தீங்களா? டிக்காஷன் மாதிரி இருக்கு. இவ்வளவு கலங்கலா வரும்போது எப்படி நிறுத்தறது? தெளியட்டும்."

இது அவன் கண்டுபிடித்த சட்டம் இல்லை. அப்பா போட்டது. புது போர்வெல்லில் மோட்டார் இறக்கினால் முதலில் செம்மண்ணும் சேறுமாகத்தான் வரும். விவசாயி பயந்துபோய் ஸ்விட்ச் பக்கம் ஓடுவான். அப்பா வரப்பில் நின்றுகொண்டு, "கையை வச்சே, அவ்ளோதான்! தண்ணி தெளியற வரைக்கும் ஓடட்டும்" என்று சத்தம் போடுவார். பாதியில் நிறுத்தினால் சேறு படிந்து மோட்டார் சிக்கிக்கொள்ளும். எங்கள் கடையில் மோட்டார் வாங்கிய எல்லோருக்கும் இது வேதவாக்கு.

அது போர்வெல். இது அப்பா. இந்த வித்தியாசத்தை அவனுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். "அந்த அம்மா படிச்சிட்டு வந்து சொல்றாங்கடா. மெஷினே கிட்னியக் கெடுக்கும்ங்கறாங்க. காதுல விழலையா?" என்று ஆஸ்பத்திரி கேன்டீனில் நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"ரசாயனம் எனக்குத் தெரியாது ஆபா. நிறுத்தினப்புறம் இருதயம் மக்கர் பண்ணிச்சுன்னா? மறுபடி ஸ்டார்ட் ஆகலைன்னா நீ கொண்டு வருவியா அப்பாவை?"

அப்போது பார்த்து, கீழ்பென்னாத்தூரிலிருந்து வாழைத்தாரோடு வந்து சேர்ந்தார் தருமன். கடலை போடுகிறவர், அப்பாவிடம் மூன்று தலைமுறை மோட்டார் வாங்கிய குடும்பம். விஷயத்தைக் கேட்டவர், "தம்பி சொல்றது சரிதான் தங்கச்சி. பாயே அப்படித்தான் சொல்வாரு. அவசரப்பட்டு நிறுத்திடாதீங்க" என்றார். நோயாளியை ஒருதரம் எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாழைத்தாரைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன்.

"நானே கையெழுத்துப் போடறேன்" என்றேன் கடைசியாக.

"நீ சும்மா இரு. உன்னைக் கட்டிக் குடுத்தாச்சு," என்றான் பாசில். அம்மி மறுத்துப் பேசவில்லை. அந்த வார்த்தை இன்னும் எனக்கு ஆறவில்லை.

மெஷின் ஓடியது. டாக்டர் தினமும் கேட்டார், பாசில் தினமும் பையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். பையில் நிறம் இன்னும் கறுத்தது. பிறகு அளவு குறைந்தது. ஒரு காலையில் ஒன்றுமே வரவில்லை.

அன்று நந்தினி அவனிடம் பேசவில்லை. நேராக அம்மியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அம்மா, உங்க பையன் தெளியட்டும்னு காத்திருக்கார். கலங்க வைக்கறதே அந்த மெஷின்தான். எத்தனை நாள் விட்டாலும் தெளியாது. ஹார்ட் இன்னும் நல்லா இருக்கு. இப்பவாவது விடுங்க."

பாசில் சுவரோரம் நின்றிருந்தான். அவன் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். பாவம் என்று தோன்றவில்லை. நல்லா வேணும் என்றுதான் தோன்றியது.

அம்மி ஒரே கேள்வி கேட்டாள். "எடுக்கும்போது தாங்கலைன்னா, அவருக்கு வலிக்குமா?"

"தெரியாதும்மா. மயக்கத்துல இருப்பார்."

"பேனா குடுங்க," என்றாள். உருதில் முன்னி பேகம் என்று தன் பெயரை நிதானமாக எழுதினாள். மகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழாயை எடுத்தார்கள். இதயம் தாங்கியது. கெட்டியான மனுஷன் அப்பா. கிட்னி மட்டும் திரும்பவில்லை. பாசில் டாக்டரை வராந்தாவில் மடக்கி, "அன்னிக்கே எடுத்திருந்தா?" என்று கேட்டான். "அதை யாராலும் உறுதியா சொல்ல முடியாதுங்க," என்றார் அவர். நல்ல பெண். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது அப்பாவுக்கு வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸ். பாசில்தான் கூட்டிப்போகிறான். கடையை ஆளிடம் விட்டுவிட்டான். ஆட்டோவில் ஏற்றுவதும் இறக்குவதும் அவன்தான். வேறு யாரையும் தொட விடுவதில்லை. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் அரை டம்ளருக்குக் குழந்தை போலக் கெஞ்சுகிறார். அதையும் அவன்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. நானோ, ஒரு நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று வார்த்தைகளைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ராஜமாணிக்கம் என்று ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். அப்பா அவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். தருமன் வீட்டுக்கு வந்து, நடந்ததைத் தன் பாணியில் அவருக்கு ஓதியிருக்கிறார்.

"டாக்டருங்க மெஷினை நிறுத்தியே தீருவோம்னு நின்னாங்களாம். என் பையன் குறுக்க நின்னுட்டான். முடியாதுன்னுட்டான். இல்லன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன். கூடப் பொறந்த அக்காவே அவசரப்பட்டிருக்கா, இவன் விடல."

"அப்படி இல்லப்பா..." என்றான் பாசில்.

"சும்மா இருடா. செஞ்சதைச் சொல்லிக்க இவனுக்கு வெக்கம்." அப்பா என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. உன் தம்பிதானே என்னைக் காப்பாத்தினான்?"

பாசில் என்னைப் பார்த்தான். சொல்லாதே என்று கேட்கும் பார்வை இல்லை அது. சொல்லித் தொலை, என்னால் முடியவில்லை என்கிற பார்வை. நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கையிலிருந்து ரத்தம் குழாயில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதுகூட அதைப் பார்த்ததில்லை.

"ஆமாம்ப்பா," என்றேன். "அவன்தான்."

பாசில் வெளியே போய்விட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் அழுவது எனக்குக் கேட்டது. அப்பாவுக்குக் கேட்கவில்லை.

"எங்க போறான் இவன்? உள்ள வரச் சொல்லு," என்றார் அப்பா. "அவன் பக்கத்துல நின்னாத்தான் எனக்குத் தைரியம்."