விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

இந்த ஸ்டேஷனைக் கட்டி முடித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு நாற்பத்து நான்கு வயதாகிறது. நான் தவழ்ந்த காலத்தில் எங்கள் தெருவுக்கு அடியில் முதல் குழியைத் தோண்டினார்கள். ஒரே ரயில் பாதை, இரண்டு பிளாட்பாரம், பச்சை டைல்ஸ் ஒட்டிய ஒரு டிக்கெட் கூடம். எனக்கு இருபது வயதானபோது கூட்டம் தாங்கவில்லை என்று அதற்கும் கீழே இரண்டாவது பாதை போட்டார்கள். ஆறு வருஷம் தூசியைத் தின்றோம். அப்புறம் லிஃப்ட் வைக்கிறோம் என்று ஒருதரம் இடித்தார்கள், வைத்த லிஃப்ட்டை இடம் மாற்றுகிறோம் என்று இன்னொருதரம். இப்போது மூன்றாவது பாதை. பாதாளத்தில் ஓடப்போகும் அதிலிருந்து பழைய கூடத்துக்கு ஜனங்கள் ஏறிவர ஒரு நடைவழி குடைகிறார்கள். அது போவது சரியாக என் தையல் அறைக்குக் கீழே.

என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை. இரண்டாவது பாதை தோண்டிய நாளில் கூலியாக வந்தவர். கிழிந்த பேண்ட்டைத் தைக்கக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டார் என்று என் நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். இப்போது அவர் கான்கிரீட் தெளிப்பவர். மண்ணைக் குடையக் குடைய, அது சரிவதற்குள் குழாயால் கான்கிரீட்டைப் பீய்ச்சிக் கூரையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தக் குழாய் அவர் கையில்.

"நேத்து பன்னெண்டு மணிக்கு யாரையோ போன்ல கிழிகிழின்னு கிழிச்சியே, கீழே எனக்குக் கேட்டுச்சு" என்பார்.

"கேட்டா பதில் சொல்ல வேண்டியதுதானே?"

"மேலே இருக்கும்போதே பேச முடியல. கீழே இருந்தா பேசப்போறேன்?"

தையல் அறைச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. இரண்டாவது பாதை கொடுத்த சீர். மூன்றாவது பாதை வேலை தொடங்கியதும் அளவெடுக்கும் பெண் ஒருத்தி வந்தாள். நான் வைத்த பெயர் கண்ணாடிக்காரி. வெளிச்சுவரைத் தெருவிலிருந்தே மெஷின் வைத்து அளந்துவிடுவாள். உள்சுவருக்கு மட்டும் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டு. விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் பிளாஸ்டரால் ஒட்டி, நீல மையில் தேதி எழுதுவாள். சுவர் தலைமுடி அளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். செவ்வாயும் வெள்ளியும் வந்து பார்ப்பாள். தெருவில் பதினாலு வீட்டுக்கு அவள் போக வேண்டும். எங்கள் வீடு நடுவில் இருப்பதால் கண்ணாடிப் பெட்டியையும் பிளாஸ்டர் டப்பாவையும் என் அலமாரி மேலேயே வைத்துவிட்டுப் போவாள். அது என் போதாத காலம்.

முதல்முறை உடைத்தது நானேதான். ஒரு திங்கட்கிழமை, பள்ளிச் சீருடைத் துணிக்கட்டைத் தோளில் தூக்கித் திரும்பினேன். கட்டின் முனை இடித்து, கண்ணாடி இரண்டாகிவிட்டது. போன மாதம்தான் மூன்று வீடு தள்ளி இருக்கும் பேக்கரிக்காரர் வீட்டில் கண்ணாடி உடைந்தது. எதனால் உடைந்தது என்று பிறகு பார்ப்பார்களாம், முதலில் வெளியேற்றிவிடுவார்களாம். இரண்டு மணி நேரத்தில் குடும்பத்தையே வண்டியில் ஏற்றி ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு லாட்ஜில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இரண்டு வாரம் என்றார்கள். இன்னும் அவர் கடைக்குப் பூட்டுதான். எனக்கோ முந்நூற்று இருபது சீருடை பாக்கி. மூன்று மெஷினைத் தூக்கிக்கொண்டு எந்த லாட்ஜில் போய் உட்காருவேன்?

அலமாரி மேல் பெட்டி இருந்தது. புதுத் துண்டை எடுத்தேன், ஒட்டினேன், அவள் எழுத்தைப் பார்த்து அதே தேதியை எழுதினேன். துணியில் கோடு போட்டுப் பழகிய கை. அச்சு அசலாக வந்தது. மறுநாள் கண்ணாடிக்காரி வந்து பார்த்து, நோட்டில் டிக் அடித்துவிட்டுப் போனாள். இடித்தது நான், சுவர் ஒன்றும் நகரவில்லை, யாருக்கு என்ன கெடுதல் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பார்க்கிறேன், கண்ணாடியில் ஒரு கீறல். இந்த முறை நான் தொடவே இல்லை. ஆனால் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அது ஓடினால் மேஜை மேல் கத்தரிக்கோல் நடந்து போகும். அதன் அதிர்வுதான் என்று முடிவுகட்டினேன். உண்மையில் அப்படி நம்பினேனா என்று கேட்டால், நம்ப வேண்டும் என்று இருந்தது, நம்பினேன். மெஷினை எதிர்ச்சுவருக்கு இழுத்துப்போட்டேன். கண்ணாடியை மறுபடியும் மாற்றினேன்.

அந்த வெள்ளிக்கிழமை கண்ணாடிக்காரி டீ குடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க சுவர் ரொம்ப நல்ல சுவர் அக்கா. தெருப்பக்கம் அளவுல ரெண்டு மில்லிமீட்டர் இறங்கின மாதிரி காட்டுது. ஆனா உள்ள இது அசையலைன்னு கீழே தைரியமா வேகம் கூட்டிட்டாங்க."

"அப்படியா" என்றேன். இன்னும் கொஞ்சம் டீ ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நூல் கோக்கும்போது கண் சுவருக்குப் போகும். அடுப்பை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பேன். யாராவது கதவைச் சாத்தினால் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்ப்பேன். வாடிக்கைக்காரி ஒருத்தி, "அளவு எடுக்கச் சொன்னா சுவரையே பாத்துட்டு நிக்கறீங்களே" என்று கோபித்துக்கொண்டு போனாள்.

அடுத்த வியாழன். வீட்டில் நான் மட்டும். மெஷின் மூன்றும் ஓடவில்லை. தரையில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். மணி பதினொன்றே முக்கால். 'டிக்' என்று ஒரு சத்தம். நகத்தை வெட்டினால் கேட்குமே, அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி நடுவில் பிளந்து, ஒரு பாதி மற்றதைவிடக் கீழே இறங்கியிருந்தது.

இப்போது சொல்வதைக் கேட்டால் என்னைக் காறித் துப்பத் தோன்றும். என் கை முதலில் போனது அலமாரிக்குத்தான். பெட்டியைத் திறந்து துண்டையும் எடுத்துவிட்டேன். எடுத்து நிற்கும்போதுதான் உறைத்தது: அந்த மனுஷன் இந்த நிமிஷம் எங்கே நிற்கிறார்? என் பாதத்துக்குக் கீழே. தலைக்கு மேலே இந்தச் சுவர் இறங்குகிறது, அவர் அண்ணாந்து கூரைக்குக் கான்கிரீட் அடித்துக்கொண்டிருக்கிறார். நான் இங்கே ஒட்டிய துண்டை நம்பித்தான் அவரை அங்கே வேகமாகப் போகச் சொல்லியிருக்கிறார்கள். துண்டைக் கீழே போட்டேன்.

கண்ணாடிக்காரிக்குப் போன் அடித்தேன். பிஸி. மறுபடியும் பிஸி. என் வீட்டுக்காரர் போன் எப்போதும் சுரங்க வாசலில் ஒரு பெட்டியில்தான் இருக்கும். சுரங்கத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

வீட்டெதிரே இருந்த ஸ்டேஷன் படிக்கட்டை மூன்று மாதமாகத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். சின்ன வயதில் பதினெட்டே படிதான், இறங்கினால் கூடம். இப்போது வங்கிக்குப் பின்னால் சுற்றி, மெயின் ரோட்டைக் கடந்து, தற்காலிக வாசல் என்று எழுதிய பொந்துக்குள் நுழைய வேண்டும். நுழைந்தேன். எஸ்கலேட்டர் நின்றிருந்தது, அதில் தடதடவென்று இறங்கினேன். லிஃப்ட் இருந்த இடத்தில் சுவர். சுவர் இருந்த இடத்தில் கடை. போன வாரம் நேராகப் போன வழியை பிளைவுட் வைத்து மறித்து, அம்புக்குறியை இடப்பக்கம் திருப்பியிருந்தார்கள். அம்பு போன பக்கம் போனால் இரண்டாவது பாதையின் பிளாட்பாரம் வருகிறது. பிறந்ததிலிருந்து புழங்கும் ஸ்டேஷனில் வழி தெரியாமல் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எந்தக் கட்டையில் போகிறவன் இப்படி மாற்றி மாற்றி வைக்கிறான் என்று வாய்விட்டே திட்டினேன். ஒரு ஆள் ஒதுங்கிப் போனார். வந்த வழியே திரும்பி ஓடி, பச்சை டைல்ஸைக் கண்டுபிடித்தேன். பாதி உரித்திருந்தார்கள். அதைத் தொட்டுக்கொண்டே போனால் டிக்கெட் கூடம்.

அங்கே உதவி கவுண்டரில் என் நாத்தனார். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணனை நான் சரியாகக் கவனிப்பதில்லை என்பது அவள் இருபது வருஷத்துப் பாட்டு. முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இடித்துக்கொண்டு போனேன்.

"அண்ணி, வரிசையில வாங்க. சொந்தக்காரங்கன்னு விட்டா எனக்குப் பேச்சு விழும்."

"உங்கண்ணனை மேலே வரச்சொல்லு. எல்லாரையும் வரச்சொல்லு."

"என்ன ஆச்சு?"

"கண்ணாடி உடைஞ்சிடுச்சு."

"அதுக்கு அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணுங்க. நான் என்ன..."

"இது மூணாவது தடவை. முன்ன ரெண்டு தடவையும் நான்தான் மாத்தி ஒட்டினேன். யாருக்கும் சொல்லல."

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். திட்டவில்லை. கண்ட்ரோல் அறைக்குப் போகும் போனை எடுத்து நாலு வார்த்தை பேசினாள். பிறகு கவுண்டர் கண்ணாடிக்கு அடியிலிருந்த சந்து வழியாக ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"இன்ஜினியர் லைன்ல இருக்காரு. நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

சொன்னேன். அவர் மூன்றே கேள்வி கேட்டார். எந்தச் சுவர், எத்தனை நாள், எவ்வளவு இறங்கியிருக்கிறது. பதினேழு நாள் என்றேன். அந்தப் பக்கம் போன் கீழே விழும் சத்தம் கேட்டது. அரை நிமிஷத்தில் கூடத்தின் தரைக்கு அடியிலிருந்து சைரன் ஊளையிட்டது.

நாத்தனார் கவுண்டரைப் பூட்டிவிட்டு வந்தாள். கூடத்தின் கோடியில், வேலை நடக்கும் பக்கத்துக் கம்பிக் கதவருகே நின்றோம். ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் ஓடிவந்தார்கள். நான் எண்ணினேன். அவர் குழுவில் அவரைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பதினொன்று வரைக்கும் வந்துவிட்டார்கள்.

"எங்கண்ணன் எங்கே?" என்று கடைசி ஆளைப் பிடித்து உலுக்கினாள் நாத்தனார்.

"குழாயைக் கழுவிட்டு வர்றேன்னாரு. கழுவலைன்னா உள்ளயே கான்கிரீட் இறுகிடுமாம். கத்திப் பாத்தோம், கேக்கல."

அவர் அப்படிப்பட்ட ஆள்தான். தின்ற தட்டைக் கழுவாமல் எழுந்ததில்லை. நான் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். நாத்தனார் என் கையைப் பிடிக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சைரன் நிற்கவில்லை. உள்ளே எங்கோ சரளைக் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது.

பிறகு அவர் வந்தார். தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறம், கையில் அந்தக் குழாயின் மூக்கு. இன்ஜினியர் அவரைத் தாண்டி டார்ச்சோடு உள்ளே ஓடி, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். காலையில் அடித்த கூரை முழுக்கப் பிளந்திருக்கிறது, ஒரு பக்கம் தொங்குகிறது, யாரும் உள்ளே போகக் கூடாது என்றார். என்னைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

அதற்குள் கூட்டாளிகளுக்குப் பாதிச் செய்தி மட்டும் தெரிந்துவிட்டது. தெளிப்பாளர் சம்சாரம்தான் கண்ணாடி உடைந்ததைப் பார்த்து ஓடிவந்து சொன்னாளாம். ஒருவர் என் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க மட்டும் வரலைன்னா பன்னெண்டு பேரும் மண்ணுக்குள்ளதான்மா" என்றார். என் வீட்டுக்காரர் பெருமை தாங்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. "செருப்புக்கூடப் போடாம வந்திருக்கா பாரு" என்றார் தங்கையிடம்.

நாத்தனாருக்கு மீதிப் பாதியும் தெரியும். அவள் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவரைத் தூண் பக்கம் கூட்டிப்போனேன். நடந்ததெல்லாம் சொன்னேன். துணிக்கட்டு இடித்தது, ஓவர்லாக் மெஷின், தேதியை எழுதியது, இன்றைக்கு மூன்றாவது துண்டைக்கூட எடுத்தது, எதையும் விடவில்லை. சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கி, பிறகு போனது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"பதினேழு நாளா?" என்றார்.

"ம்."

"தினமும் காலையில வெளியே கிளம்பறப்ப நான் அந்தக் கண்ணாடியைப் பாப்பேன். உனக்குத் தெரியாது, நீ அடுப்படியில இருப்பே." குரல் எழவே இல்லை. "கீழே இறங்கறதுக்கு முன்னாடி இவங்க எல்லாரும் என்கிட்டதான் கேப்பாங்க. உங்க வீட்டுக் கண்ணாடி எப்படி இருக்கு, இறங்கலாமான்னு. நல்லா இருக்கு, வாங்கன்னு சொல்லுவேன். பதினேழு நாளும் சொன்னேன். இன்னைக்கும் சொன்னேன்."

நான் அவர் கையைப் பிடித்தேன். கான்கிரீட் காய்ந்து சொரசொரவென்று இருந்தது. அவர் உதறவில்லை, மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"நீங்க போக வேணாம். அவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

"என்னைத்தான் நம்புனாங்க" என்றார்.

பதினொரு பேரும் சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களிடம் போய் நின்று ஹெல்மெட்டைக் கழற்றினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. ரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. ரயில் வந்து, நின்று, போவதற்குள் பேசி முடித்துவிட்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. என்னைக் கும்பிட்டவர் முதலில் திரும்பினார், பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.