வால் வைத்த பட்டன்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருந்த தையல்காரருக்கு அளவு நாடா என்பது கழுத்தில் கிடக்கும் அலங்காரம்தான். வாசலில் ஆள் வந்து நிற்கும்போதே மார்பு, தோள், இடுப்பு எல்லாம் அவர் கண்ணுக்குள் வந்துவிடும். வந்தவர் மனசு நோகக் கூடாதே என்று நாடாவை ஒப்புக்கு ஒரு சுற்று சுற்றி, "போன தடவைக்கு இப்ப கொஞ்சம் பூசினாப்பல இருக்கீங்க" என்று நாசூக்காகச் சொல்வார். தொப்பை போட்டவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள்.

இப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகன் கத்தரிக்கோலைத் தொட்டால் துணிக்குக் கெட்ட நேரம் என்று அர்த்தம். ஒருமுறை பள்ளிக்கூட வாத்தியாரின் புதுச் சட்டைக்குக் கைகளை இடம் வலம் மாற்றித் தைத்துவிட்டான். போட்டுப் பார்த்த வாத்தியார் கையைக் கீழே இறக்க முடியாமல் நின்றதைத் தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அன்றைக்கே அப்பா அவனை மிஷினிலிருந்து இறக்கி, பாயில் உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்.

பட்டன் கட்டுவது ஒன்றுதான் அவனுக்குக் கைவந்தது. அதையும் உருப்படியாகச் செய்தானா என்றால், இல்லை. ஊரில் உள்ளவர்கள் கடைசி முடிச்சைத் துணிக்கு உள்பக்கம் போட்டு நூலை ஒட்ட நறுக்குவார்கள். இவன் வெளிப்பக்கம், பட்டனுக்கு அடியில் முடிச்சைப் போட்டு, நகக்கண் அளவுக்கு நூலை நீட்டிக்கொண்டு நிற்க விட்டுவிடுவான்.

"என்னடா இது, பட்டனுக்கு வால் வச்சிருக்க?"

"தளர்ந்தா பிடிச்சு இழுத்துக் கட்டிக்கலாம்லப்பா."

"நம்ம கடைப் பட்டன் ஏண்டா தளருது?"

"விருந்துக்குப் போனா வயிறு பெருக்குமே, அதை யாரு தடுக்கறது?" என்று அவன் கேட்க, அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்பா திட்டித் திட்டி ஓய்ந்துபோனார். தெருவில் அவனுக்குப் 'பட்டன்' என்றே பெயர் விழுந்தது. பெற்றவளே கோபம் வந்தால்தான் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

எல்லையில் சண்டை மூண்டபோது படைக்கு ஆள் எடுத்தார்கள். பட்டன் போய்ச் சேர்ந்துவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னான். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவோ, ஊசியில் நூல் இல்லை என்பதுகூடத் தெரியாமல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். கிளம்பும் நாளில் ஒரு மிட்டாய் டப்பாவில் ஊசி, நூல்கண்டு, பட்டன்கள் எல்லாம் போட்டு அவன் கையில் கொடுத்தார்.

"கிழிஞ்சா நீயே தைச்சுக்க. கண்டவன்கிட்ட குடுக்காத."

"அங்க அந்தக் கண்டவனே நான்தானேப்பா" என்று சிரித்துக்கொண்டே பேருந்து ஏறினான்.

அவன் பேசும் தொலைபேசியில் பாதி இரைச்சல்தான் கேட்கும். ஒருநாள், "இங்கயும் எனக்குப் பட்டன்னுதாம்மா பேரு" என்றான். "அங்க போய் யார் சொல்லித் தொலைச்சா?" என்று அப்பா குழம்பினார். அம்மா சிரித்துக்கொண்டாளே தவிர, விளக்கம் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். ஆற்றங்கரைக் காவல் மேட்டின் மேல் குண்டு விழுந்தது, மேடே வெள்ளத்தோடு போய்விட்டது, காவலில் நின்ற உங்கள் மகனும் போய்விட்டார், உடல் கிடைக்கவில்லை என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். அப்பா மட்டும், கிடைக்காத உடலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சில வாரம் கழித்து அவனுடைய பை வந்தது. சோப்பு டப்பா, துண்டு, சவரக்கத்தி, பச்சை நிறத்தில் ஒரு படைச் சட்டை. அப்பா சட்டையை வெட்டும் மேசைமேல் விரித்தார். விரித்த கையோடு அவர் முகமே மாறிவிட்டது.

"இது அவன் சட்டை இல்ல."

"என்னங்க சொல்றீங்க?"

"மாரைப் பாரு, தோளைப் பாரு! நம்ம பையன் ரெண்டு பேர் இதுக்குள்ள குடித்தனம் நடத்தலாம். நான் குடுத்த ஊசி டப்பாவும் இதுல இல்ல. யாரோ எவனோட பையையோ நமக்கு அனுப்பிட்டாங்க. ஆள் மாறிப்போச்சு. அவன் எங்கயோ உசுரோட இருக்கான்."

அளவைப் பார்த்த கண் அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. சட்டையை மடித்துப் பீரோவின் மேல்தட்டில் வைத்து, யாரும் தொடக் கூடாது என்றார். மறுநாளே படை அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டார். அங்கிருந்த குமாஸ்தா பாவம், "விசாரிக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அது போதும் இவருக்கு. திரும்பி வந்ததும் நல்ல துணியாக எடுத்து, மகன் வந்தால் போட்டுக்கொள்ளச் சட்டை ஒன்று வெட்ட ஆரம்பித்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடம், "என்ன தைக்கணும்?" என்று முகத்தில் அடித்தமாதிரி கேட்டார். வந்தவர்கள் விழித்துவிட்டுப் போனார்கள்.

அம்மாவின் கண் கலங்கினாலும் அவருக்குப் பொறுக்காது. "உசுரோட இருக்கிறவனுக்கு யாராவது அழுவாங்களா?" என்பார். அவளும் அழுகையை விழுங்கிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பாள். ஆனால் குளிக்கப் போனால் மட்டும் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் உள்ளேயே இருந்தாள். வாளி நிறைந்து வழிகிற சத்தம் கடை வரைக்கும் கேட்கும். "தண்ணி வீணாகுது பாரு!" என்று அவர் மிஷினில் இருந்தபடியே சத்தம் போடுவார். குழாய் நிற்கும். அவளும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பாயில் உட்காருவாள்.

ஒருநாள் மதியம் கடை திடீரென்று இருட்டியது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். நிலைப்படியை அடைத்துக்கொண்டு ஒருவன் நின்றான், கக்கத்தில் ஊன்றுகோல். அவர் வேண்டாம் வேண்டாம் என்று நினைப்பதற்குள் அந்தப் பாழாய்ப்போன கண் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. அதே மார்பு. அதே தோள். பீரோவின் மேல்தட்டில் இருக்கும் சட்டை இவனுக்குக் கச்சிதமாக இருக்கும்.

"என்ன... என்ன தைக்கணும் தம்பி?" என்றார். ஏதாவது தைக்க வேண்டும் என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்றிருந்தது அவருக்கு.

"தைக்க வரலப்பா. நான் பட்டனோட கூட இருந்தவன்."

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து மிட்டாய் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"நான் மூச்சு விட்டாலே சட்டை தெறிக்கும்பா. எங்க எல்லாருக்கும் பட்டன் கட்டறது அவன்தான். அன்னைக்கும் என் சட்டையைத்தான் வச்சிருந்தான். கடைசிப் பட்டன் பாக்கி இருக்கும்போது காவலுக்குக் கூப்பிட்டுட்டாங்க. சட்டையைச் சுருட்டித் தன் பையில வச்சான். ஆத்து ஈரத்துல ஊசி துருப்பிடிச்சிரும்னு, எப்பவும் கூடவே வச்சிருக்கற டப்பாவ என்கிட்ட குடுத்தான். 'வந்து மீதியைக் கட்டறேன், அதுவரைக்கும் மூச்சு விடாதே'ன்னு சொல்லிட்டுப் போனான்." அவன் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "கால் சரியாகட்டும்னு ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. இல்லன்னா முன்னாடியே வந்திருப்பேன்."

"நீ பாத்தியா?" என்று கேட்டார் அப்பா.

"பாத்தேன்பா. மேட்டுமேல நின்னுட்டு இருந்தான். அடுத்து பாத்தா மேடே இல்ல."

அம்மா உள்ளே போய் அந்தச் சட்டையை எடுத்து வந்து மேசைமேல் விரித்தாள். மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒவ்வொரு பட்டனுக்கும் வால் இருந்தது. கடைசி இடம் மட்டும் காலி. எங்கே இருக்கிறது என்று தேடாமல் அவள் விரல் நேராக அந்தக் காலி இடத்துக்குப் போனதை அவர் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"நீங்க ஆபீசுக்குப் போன அன்னைக்கே எடுத்துப் பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க அவனுக்குச் சட்டை வெட்ட உக்காந்துட்டீங்க. அதைப் போய் எப்படிங்க கையிலேருந்து பிடுங்கறது?"

அவருக்கு அப்போதுதான் குழாய்ச் சத்தம் நினைவுக்கு வந்தது. பெற்ற பிள்ளைக்காக அழக்கூட அவளுக்கு இந்த வீட்டில் இடம் இல்லாமல் செய்துவிட்டோமே என்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் மிஷினை விட்டு இறங்கிப் பாயில் உட்காராத மனிதர், இறங்கி வந்து அவள் பக்கத்தில், மகன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழும்மா. நல்லா அழு" என்றார்.

அவள் அழுதாள். அவரும் அழுதார். இருவரையும் பார்த்து அந்த ஆஜானுபாகுவும் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு குழந்தை மாதிரி விம்மினான்.

அழுது ஓய்ந்த பிறகு அப்பா டப்பாவைத் திறந்தார். ஊசியில் துரு இல்லை. பச்சை நூலைக் கோத்து, ஒரு பட்டனை எடுத்துக் காலியாக இருந்த இடத்தில் வைத்துக் கட்டினார். பழகிய கை, கடைசி முடிச்சை உள்பக்கம் கொண்டுபோனது. அவர் அதைப் பிரித்து, நூலை வெளியே இழுத்து, பட்டனுக்கு அடியில் முடிச்சுப் போட்டார். அம்மா கத்தரிக்கோலை நீட்டினாள். நகக்கண் அளவு விட்டு நறுக்கினார்.

"போட்டுக்கோ தம்பி."

அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு பட்டனாக அம்மாதான் போட்டுவிட்டாள். கடைசிப் பட்டனையும் போட்டு முடித்த பிறகு, அது தெறித்துவிடுமோ என்ற பயத்தில் அவன் வயிற்றை எக்கிக்கொண்டு அப்படியே நின்றான்.

அப்பா அந்த வாலைப் பிடித்து லேசாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார்.

"மூச்சு விடுப்பா" என்றார். "தாங்கும்."