மறுபக்கத்து இறக்கம்

வார்டன் தம்பியின் கேமராப் பையின் உள் ஜிப்பை இழுத்தபோது, கூடத்தில் புதிதாக யாரோ வந்து அழுகை ஒருமுறை உயர்ந்து தணிந்தது. அவள் கையை நிறுத்தவில்லை. ஒரு லென்ஸ், துடைக்கிற துணி, இரண்டு பேட்டரி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். கேமராவை மடியில் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்க மூடியை நகத்தால் நெம்பினாள். மெமரி கார்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

"அப்படிப் போகுதா சங்கதி," என்றாள், தனக்குத்தானே.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெற்ற நாள் வரை பெண்கள் விடுதியிலேயே கழித்தவள் அவள். காய்ச்சல் என்று போர்த்திப் படுத்திருக்கும் பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கமாட்டாள். கட்டிலுக்கடியில் செருப்பைத் தடவிப் பார்ப்பாள். வெளியே போய்வந்த ஈரம் இருந்தால் காய்ச்சல் அங்கேயே இறங்கிவிடும். ஓய்வுபெற்று ஒரு வருஷமாகியும் சொந்தக்காரர்கள்கூட அவளை வார்டன் என்றுதான் சொன்னார்கள். தம்பி ஒருவன்தான் வாய் நிறைய அக்கா என்பான். அவன் இப்போது கூடத்தில், பெட்டிக்குள், கழுத்துவரை பித்தான் போட்ட சட்டையோடு கிடந்தான். உயிரோடிருந்தவரை மேல் பித்தானை அவன் போட்டதே கிடையாது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸ் கையோடு அண்ணாந்து நிற்கிறவன், லீவு கிடைத்தால் மரம் பார்க்கக் கிளம்பிவிடுவான். அவன் தேடிப்போனது லேசுப்பட்ட மரங்களை அல்ல. ஆயிரம் வருஷம் என்பார்கள், அதற்கும் மேல் என்பார்கள். ஒரு கல்யாணக் கூட்டமே கைகோத்து நின்றாலும் அடிமரத்தைச் சுற்றி வர முடியாது. ஒருமுறை அப்படி ஒரு மரத்தின் படத்தை, இடத்தையும் சொல்லி, பத்திரிகைக்குக் கொடுத்தான். அடுத்த மழைக்குள் அங்கே வண்டிப் பாதை விழுந்துவிட்டது. வந்தவர்கள் வேரை மிதித்து மண்ணை இறுக்கினார்கள், பட்டையில் பேர் செதுக்கினார்கள், பொந்துக்குள் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். கொஞ்ச காலத்தில் உச்சி காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த மரத்துக்கும் அவன் இடம் சொன்னதில்லை, அக்காவிடம்கூட.

போன வாரம் போனில் அவன் குரலே வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, ஒண்ணு மாட்டியிருக்கு. இதுவரைக்கும் பாத்ததெல்லாம் இதுக்கு முன்னால குழந்தைங்க."

"எங்கேடா?"

"அது இருக்கு ஒரு இடத்துல. நீ சாப்பிட்டியா?"

இடம் தெரிந்த இன்னொருவர் சர்வேயர். நிலம் அளக்கிற உத்தியோகம். தம்பி படம் பிடிப்பான், இவர் உயரமும் சுற்றளவும் எடுப்பார். இத்தனை வருஷமாக ஜோடி போட்டுக்கொண்டு அலைந்தவர்கள். இதுவரை யாரும் பார்க்காத பெரிய மரம் என்றால், முதலில் அறிவிக்கிறவன் பேர்தான் நிற்கும். படம் பிடித்தவன் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். படம் இருந்த கார்டையும் காணோம். அளந்தவர் மட்டும் முழுசாக வந்து சேர்ந்திருக்கிறார். வார்டனுக்கு இதில் யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

பையை மூடுவதற்கு முன் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் உறையையும் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த துணிமணி, ஷூ. ஷூவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். குதிகால் நன்றாக இருந்தது. மூக்குப் பக்கம் மட்டும் இரண்டு காலிலும் தோல் உரிந்து வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. நடந்தவன் ஷூ இப்படித் தேயாது. இழுத்துக்கொண்டு வந்தால்தான் தேயும்.

கூடத்துக்கு வந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் தம்பி மனைவி இல்லை. சமையலறையில் குரல் கேட்டது. வார்டன் கால் ஓசையில்லாமல் நடக்கத் தெரிந்தவள். அடுப்பு மேடையோரம் சர்வேயரும் தம்பி மனைவியும் நின்றிருந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொல்ல, இவள், "இப்ப வேணாம்ணே, அப்புறம்," என்றாள். வார்டனைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். தம்பி மனைவி அடுப்பில் இல்லாத பாலைப் பார்த்தாள். சர்வேயர் டம்ளரை வைத்துவிட்டு, யார் காலையும் மிதிக்காமல் கூடத்தைக் கடந்து, பெட்டிப் பக்கம் திரும்பாமலே வெளியே போனார். காலையிலிருந்து ஒருமுறைகூட அவர் பெட்டியருகே வரவில்லை.

வார்டனின் புத்தி ஒரு நொடியில் எங்கெல்லாமோ போனது. போனதற்கு அவளே கூசினாள். ஆனால் போன புத்தி முழுதாகத் திரும்பி வரவில்லை.

"என்ன சொல்றார்?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சாப்பிடலைன்னார்."

"உன்கிட்ட எப்படின்னு சொன்னார்? அவன் போனது?"

"மரத்தடியிலயே. உக்காந்த மேனிக்கு."

வார்டன் தலையாட்டினாள். லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர் வாசலில் நின்றிருந்தார். அவரிடம் போய், போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ரோட்டுக்கு வந்தப்புறம்தான் மேடம் போயிருக்கு. வண்டி பிடிக்கறதுக்குள்ள. சர்வேயர் சார்தான் சொன்னார். பாவம், மனுஷன் ஒத்தையா தவிச்சிருக்கார்."

ஒரே வாய், இரண்டு கதை. வார்டன் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள்.

சர்வேயர் மொட்டைமாடிக்கு முந்தைய திருப்பத்தில், லிஃப்ட் மோட்டார் அறைக் கதவுக்கு எதிரே, படியில் உட்கார்ந்திருந்தார். குள்ளமான, கழுத்தே இல்லாத உடம்பு. அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"கார்டு எங்கே?"

"எந்தக் கார்டுக்கா?"

"இந்த எந்தக் கார்டுங்கற கேள்வியை நான் நிறையப் பாத்தாச்சு. கேமராவுல இருந்த கார்டு."

அவர் கைப்பிடிக் கம்பியைப் பார்த்தார்.

"சரி, அதை விடுங்க. மரத்தடியில போனான்னு அவகிட்ட சொல்லியிருக்கீங்க. ரோட்டுல போனான்னு சூப்பர்வைசர்கிட்ட. எனக்குன்னு என்ன வச்சிருக்கீங்க?"

மோட்டார் அறைக்குள் சக்கரம் சுழன்று நின்றது. கீழே யாரோ லிஃப்டை விட்டு இறங்கினார்கள்.

"ரெண்டும் இல்லக்கா," என்றார் சர்வேயர். "நடுவுல. எந்த இடம்னு எனக்கே தெரியாது. என் முதுகுல இருந்தார். பேசிட்டே வந்தார். அப்புறம் பேசல. தூங்கறார்னு நினைச்சேன். அப்படியே நினைச்சுக்கிட்டு நடந்தேன்."

"ஷூ மூக்கு தேஞ்சிருக்கு."

"என்னைவிட உயரமில்லையா அவர். கால் தரையில இழுபட்டுச்சு."

பதில் ஷூவுக்குப் பொருந்தியது. ஆனால் ஒரு பதில் பொருந்திவிட்டால் அடுத்த பதிலைத்தான் கவனிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"முதுகுல சுமந்துட்டு வர்ற அளவுக்கு என்ன? பக்கத்துல ஆள் கிடையாதா, உதவி கிடையாதா?"

அவர் கண் படியிறக்கத்துக்குப் போய்த் திரும்பியது. அதை வார்டன் கவனித்தாள்.

"மேல்பக்கம் ஒரு வனக்காவல் சாவடி இருக்கு. ஜீப் நிக்கும். வயர்லெஸ் இருக்கும்."

"தூரமா?"

"கிட்டதான்."

"நீங்க வந்த ரோடு?"

"அது மறுபக்கம். இறக்கம். ரொம்ப தூரம்."

வார்டன் இன்னும் ஒரு படி மேலே ஏறினாள். 

"அவர்தான் சொன்னார்க்கா," என்றார் சர்வேயர், அவள் கேட்காமலே. "சாவடிக்குப் போனா எங்கே விழுந்தார்னு கேப்பாங்க, வந்து பாப்பாங்க, நாளைக்கு ஊருக்கே தெரியும்னார். மறுபக்கமா இறக்குன்னார். என் காலரைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார்."

"அவன் சொன்னான்னு நீ சொல்றே."

மரியாதை கழன்று விழுந்ததை இருவரும் கவனித்தார்கள். இருவரும் அதை எடுத்து வைக்கவில்லை.

"ஆமா. நான்தான் சொல்றேன்."

"வேற யார் கேட்டது?"

"அங்க யாருக்கா இருக்கா?"

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் ஆயிரம் உளறுவான். கேட்டுக்கிட்டு நடந்தியா? அந்த மரம் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அவனுக்கு மட்டும்தான் ஆசையா? உனக்கில்ல?"

"எனக்கும்தான்."

அவர் அதை இவ்வளவு வேகமாகச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கும்தான்க்கா. அதனாலதான், அவர் இறக்குன்னு சொன்னாரா, இல்ல எனக்கு அப்படிக் கேட்டுச்சான்னு..." அவர் முடிக்காமல் மறுபடி படியில் உட்கார்ந்துவிட்டார்.

கீழ்ப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி மனைவி கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"அவரை விடுங்க அண்ணி. கார்டு என்கிட்ட இருக்கு. காலைல வந்ததும் கொடுத்துட்டார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. பை எங்கேன்னுதான் கேட்டீங்க." அவள் சின்ன பர்சைத் திறந்து கார்டை எடுத்துக் கேமராவில் செருகினாள். "யாருக்கும் காட்டாதேன்னு உங்க தம்பி எப்பவும் சொல்வார். உங்களுக்கும் சேத்துத்தான் சொன்னார். எனக்கு அது சரியாப் படல. பாருங்க."

கேமராவின் திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மூன்று தலைகளும் அதன்மேல் கவிந்தன. மரம் ஒரு படத்தில் அடங்கவில்லை. தம்பி அதைத் துண்டுதுண்டாகப் பிடித்திருந்தான். அடிமரம் ஒரு படம், அதற்கு மேல் ஒரு படம், இன்னும் மேலே, இன்னும் மேலே. மேலே போகப்போகப் பட்டை மங்கி, கடைசியில் பனிக்குள் எங்கோ கிளைகள் கறுப்பாகத் தெரிந்தன. வேர்கள் ஆளுயரச் சுவர்கள் மாதிரி எழும்பி நின்றன. ஒரு வேரின் பக்கத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு மனிதன் கையை விரித்து நின்றான். சர்வேயர். மரம் எவ்வளவு பெரிது என்று தெரிய அவரை நிறுத்தியிருக்கிறான். எல்லாப் படத்திலும் அவர்தான் நின்றார். தம்பி ஒரு படத்திலும் இல்லை. வார்டன் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டாள்.

கடைசிப் படம் கோணலாக இருந்தது. பாதிக்கு மேல் சருகும் மண்ணும். மேல் மூலையில் சர்வேயர், நின்ற இடத்தைவிட்டு ஓடி வருகிறார், வாய் திறந்திருக்கிறது, அளவு நாடா ஒரு கையிலிருந்து அவிழ்ந்து பின்னால் நீண்டு கிடக்கிறது.

வார்டன் அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எத்தனையோ முகங்களைப் பார்த்து, இது பொய், இது பயம், இது நடிப்பு என்று பிரித்தவள். ஓடி வந்திருக்கிறார், அது நிச்சயம். வந்த பிறகு எந்தப் பக்கம் திரும்பினார், எதற்காகத் திரும்பினார் என்பதற்குப் படம் இல்லை.

"சாவடிக்குக் கொண்டுபோயிருந்தா பிழைச்சிருப்பானா?"

"தெரியாதுக்கா."

"நீ என்ன நினைக்கிறே? இவரை நம்பறியா?" என்று தம்பி மனைவியிடம் கேட்டாள், அவரை வைத்துக்கொண்டே.

தம்பி மனைவி கார்டைக் கழற்றி மறுபடி பர்சில் போட்டாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. இப்போதும் அழவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள்.

"நம்பறதா வேணாமான்னு யோசிக்க இனிமே நிறைய நாள் இருக்கு அண்ணி. இப்ப கீழ வண்டி வந்தாச்சு. அவரை இறக்கணும்."

பெட்டி லிஃப்டுக்குள் போகாது. சூப்பர்வைசர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குறுக்கே, நெடுக்கே, நிமிர்த்தி என்று எல்லா வகையிலும் யோசித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். படிதான். அவரும் கம்பெனி மெக்கானிக்குகள் இருவரும் மூன்று மூலைக்கு ஆயிற்று. எதிர்வீட்டுக்காரர் தனக்கு இடுப்பு ஆப்பரேஷன் ஆகியிருப்பதை வருத்தத்தோடு நினைவுபடுத்தினார். எல்லோருடைய கண்ணும் படிக்கட்டில் நின்றிருந்தவர்மேல் போய் நின்றது.

சர்வேயர் வார்டனைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொன்னால் அவர் நின்றிருப்பார். அவள் சொல்லவில்லை, தூக்க வேறு ஆளும் இல்லை. சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். அப்போதுதான் அவர் முதல்முறையாகப் பெட்டியருகே வந்தார். உள்ளே பார்க்காமல், மூடியபிறகு, குனிந்து முன்பக்க மூலையைத் தோளில் வாங்கிக்கொண்டார்.

இறங்கத் தொடங்கினார்கள். "மெள்ள... மெள்ள... சுவத்துல இடிக்கப்போகுது." வார்டன் பெட்டியை ஒட்டி, அவர் பின்னாலேயே இறங்கினாள். அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தவறி வைத்தால் சொல்ல வேண்டும் என்று. முதல் திருப்பத்தில் பெட்டி சாய்ந்து, கனமெல்லாம் குள்ளமான அந்த மூலைக்கு வந்தது. அவருடைய சட்டைக் காலர் இழுபட்டு ஒருபக்கமாக இறங்கியது.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், இரண்டு விரல் அகலத்துக்கு, தோல் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. தம்பியை முதுகோடு சேர்த்துப் பை வாரோ கயிறோ வைத்துக் கட்டிய தடம். நடுவே தோல் பிய்ந்து, அதன்மேல் சட்டை ஒட்டிக் காய்ந்து, இப்போது காலரோடு மறுபடி உரிந்துகொண்டிருந்தது. அவர் அடுத்த படிக்குக் காலை நீட்டினார். பெட்டியின் விளிம்பு சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

"நில்லுங்க," என்றாள் வார்டன்.

நால்வரும் நின்றார்கள்.

"தோளை மாத்திக்கோ."

"பரவால்லக்கா."

"மாத்திக்கோன்னு சொல்றேன்ல."

அவர் சுவர்ப் பக்கமாகக் காலைத் திருப்பி வைத்து, தலையைக் குனிந்து, பெட்டிக்கடியில் உடம்பை நகர்த்தி மறு தோளைக் கொடுத்தார். காலர் இந்தப் பக்கம் விலகியது. இங்கேயும் அதே அகலத்துக்கு அதே தடம்.

மேலிருந்து சூப்பர்வைசர், "போலாமா மேடம்?" என்றார்.

வார்டன் தோளில் தொங்கிய கைப்பையைப் பின்னால் வந்த தம்பி மனைவியிடம் நீட்டினாள். ஒரு படி கீழே இறங்கி, சர்வேயருக்குப் பக்கத்தில் சுவரோடு ஒடுங்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டியின் அடியில் கொடுத்து, அவர் தோளில் படாத அளவுக்கு அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"ம்," என்றாள்.

அடுத்த படிக்கு இறங்கினார்கள்.